விசைகளின் வேலைநிறுத்தம்

தோட்டத்துக் கிராணியின் வாழ்வு ஏட்டோடு கட்டுண்ட வாழ்வு. விடியுமுன் பிரட்டில் ஆள்கணக்கு எடுப்பதும், பகலில் செம்பனைக் குலைகளின் தொகையைச் சரிபார்ப்பதும், மாத முடிவில் சம்பளப் பட்டியலோடு மல்லுக்கட்டுவதுமாக நம் நாட்கள் கழிகின்றன. செக்ரோல் புத்தகம் கணினிக்குள் குடிபுகுந்து ஆண்டுகள் பலவாகிவிட்டன. ஆயினும் மழைக் கணக்கு மட்டும் இன்றும் பழைய நீள நோட்டுப் புத்தகத்தில்தான் எழுதப்பெறுகிறது. அந்த நோட்டைப் பற்றிப் பின்னர்ச் சொல்லவேண்டியிருக்கிறது. இப்பொழுது நாம் சொல்ல எடுத்துக்கொண்டது, நம் வீட்டு மடிக்கணினியின் மேல்வரிசை விசைகள் ஒருநாள் வேலைநிறுத்தஞ் செய்த கதையாகும்.

இதையும் ஒரு விஷயமென்று எழுதவேண்டுமா என நேயர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும். வேலைநிறுத்தம் என்பது தோட்டத்தாருக்குப் புதிதன்று. காரணமின்றி எவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை என்பதை நாம் நம் பாட்டனார் காலந்தொட்டு அறிவோம். அறிந்திருந்தும், இந்த விசைகள் விஷயத்தில் காரணத்தை விசாரியாமல் ஏறக்குறைய மூன்று வாரங்களை வீணாக்கினோம். அந்த வெட்கக்கேட்டையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

அந்த மடிக்கணினி 2014ஆம் ஆண்டின் தயாரிப்பு. ஒருவர் பயன்படுத்தி விற்றதை நாம் பாதி விலைக்கு வாங்கினோம். நினைவகம் 4 ஜிகாபைட்டே. விண்டோஸ் 10 அதில் ஏறினால், பாரவண்டி மேட்டில் ஏறுவதுபோல முனகிக்கொண்டே நகரும். 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, அவ்வளவு பழைய செயலிகளைச் சேர்த்துக்கொள்வதில்லை. பழைய பதிப்புக்கோ 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு பொது ஆதரவு முடியுமென்று முன்னமேயே அறிவித்திருந்தனர். அவ்வாறே முடிந்தும் போயிற்று. புதிய இயந்திரம் வாங்கக் கையிற் பணமில்லை. ஆகவே 2024இல் டெபியன் 12 என்னும் லினக்ஸ் தொகுப்பை அதில் நிறுவினோம். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கி வைத்த கருநிரல்தான் அதற்கு அடிப்படை. திரையில் நாம் காணும் பட்டை, பட்டியல், சாளரம் முதலியவற்றை நடத்தும் டெஸ்க்டாப் சூழலாக, எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ என்பதைத் தேர்ந்துகொண்டோம். ஒலிவியே ஃபூர்தான் என்பவர் 1996இல் ஆரம்பித்த வேலை இது. இதன் சின்னம் ஓர் எலி. எலியைப் போலவே சிறிது தின்று விரைந்து ஓடும். முனகிய வண்டி முயலாயிற்று. நாமும் பெருமை தாங்காமல் அண்டை வீட்டாரையெல்லாம் அழைத்துக் காட்டினோம்.

அந்த இயந்திரத்தை நம் தமக்கை மகளுக்கு என்று கொடுத்தோம். தமக்கையார் சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். ஆதலின் அவர் மகள் நம் வீட்டிலே தங்கி எஸ்.பி.எம். தேர்வுக்குப் படித்து வந்தாள். கிராணி வீடு என்ற பெயர்தான் பெரிது. கூடம் ஒன்று, அறை ஒன்று. கூடத்தின் ஒரு மூலையில் அவள் படிப்பாள். மறு மூலையில் கண்புரை அறுவை செய்துகொண்ட நம் அன்னையார் படுத்திருப்பார். வெளிச்சம் பட்டால் அவர் கண்கள் கூசி நீர் வடியும்.

ஓர் இரவு அவள் நம்மிடம் வந்து நின்றாள்.

"மாமா, வெளிச்சத்தைக் குறைக்கிற கீயை அழுத்துகிறேன், குறையவில்லை. சத்தத்தைக் குறைக்கிற கீயும் அப்படித்தான் இருக்கிறது."

பார்த்தோம். திரை முழு ஒளியோடு எரிந்துகொண்டிருந்தது. எந்த விசையை அழுத்தினாலும் அது அசையவில்லை. பாட்டியின் கண்ணில் ஒளி படாதிருக்க, அந்தப் பெண் பழைய அட்டைப் பெட்டியொன்றைக் கிழித்துத் திரைக்கு மறைப்புச் செய்திருந்தாள். எத்தனை நாளாக என்று கேட்டோம். நாம் வருத்தப்படுவோமென்று பத்து நாளாகச் சொல்லவில்லையாம். மழை பெய்தால் தோட்டத்தில் மின்சாரம் போவது வழக்கம். அவ்வேளையில் முழு ஒளி மின்கலத்தை உறிஞ்சிவிடுவதால், பாடம் பாதியிலேயே நின்றுபோகும். இவ்வளவும் நம் வீட்டுக் கூடத்தில், நம் கண் முன்னே நடந்திருக்கிறது!

இந்த மேல்வரிசை விசைகளின் வரலாற்றைச் சிறிது சொல்லுதல் நலம். 1981இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட கணினியின் விசைப்பலகையில், எஃப் 1 முதல் எஃப் 10 வரை பத்து விசைகள் இடப்பக்கத்தில் இரண்டு நிரலாக நின்றன. 1980களின் நடுவில் அவை பன்னிரண்டாகப் பெருகி மேல் வரிசைக்கு ஏறின. மடிக்கணினிகள் வந்தபோது ஒளி, ஒலி, கம்பியில்லா இணைப்பு ஆகியவற்றிற்குத் தனித்தனி விசை வைக்க இடமில்லாமற் போகவே, அந்தப் பன்னிரண்டு விசைகளின் தலையிலேயே இரண்டாவது வேலையையும் கட்டினார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு வேலை, சம்பளம் ஒன்றுதான்! எப்பொழுது எந்த வேலை என்பதைத் தீர்மானிக்க, கீழ் மூலையில் 'எஃப்என்' என்ற விசையொன்று இருக்கும். பெரும்பாலான இயந்திரங்களில் இந்த எஃப்என் விசை அழுத்தப்பட்ட செய்தி கணினியின் இயங்குதளத்துக்கு எட்டுவதேயில்லை. தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லே அதைப் பார்த்து, "இது எஃப் 2 அன்று, ஒளி குறைத்தல்" என்று மாற்றிச் சொல்லிவிடும்.

கோளாறு என்றதும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நம் அன்னையார், "ஊரையெல்லாம் கூட்டி வைத்துக் காட்டினாயே, கண் பட்டிருக்கும்" என்றார். சுங்கை பட்டாணியிலுள்ள ஒரு கடைக்காரரோ, இயந்திரத்தைத் திறந்துங்கூடப் பாராமல், விசைப்பலகை போய்விட்டதென்றும், மாற்ற 180 ரிங்கிட் ஆகுமென்றும், அதற்கு மேலும் போகலாமென்றும், லினக்ஸ் போட்டதால் வந்த கேடு இதுவென்றுஞ் சொன்னார். கைரேகை பார்ப்பவன் கையைப் பார்க்கும் நேரங்கூட அவர் அந்தப் பலகையைப் பார்க்கவில்லை. அன்னையார் சொன்ன வைத்தியத்துக்கு ஓர் எலுமிச்சம்பழமே செலவு என்பதை நினைத்து, அதுவே மேல் என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டு திரும்பினோம்.

பிறரைப் பழித்தது போதும். இனி நம் கதைக்கு வருவோம். 2003இல் நம் நாட்டுப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கியபோது, நாம் முதலாம் படிவத்தில் அடியெடுத்து வைத்தோம். பின்னர்ப் படித்ததும் ஆங்கிலவழிக் கல்லூரியில்தான். எனவே ஆங்கிலத்தில் எழுதிய எந்தக் குறிப்பையும் தட்டுத்தடையின்றி வாசித்துவிடுவோம் என்ற செருக்கு நமக்குண்டு. வாசிப்பது வேறு, விளங்கிக்கொள்வது வேறு என்பது அச்செருக்குக்குத் தெரியாது. ஒளிவிசைக் கோளாறுக்குப் பிறர் எழுதி வைத்திருந்த பரிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாய்ப் படியெடுத்தோம். ஒரு குறிப்பு, கணினி தொடங்கும்போது கருநிரலுக்குச் சொல்லப்படும் வரியில் 'ஏசிபிஐ பேக்லைட்' என்பதற்கு நேரே 'வென்டார்' என்று எழுதச் சொன்னது. எழுதினோம். மறுபடி தொடங்கியதும், திரையொளியை மாற்றுவதற்குக் கணினி வைத்திருந்த கோப்பே காணாமற் போயிற்று! அச்சொல்லின் பொருள், "ஒளியை ஆளும் பொறுப்பை இயந்திரத்தைச் செய்தவரின் தனி நிரலிடம் விடு" என்பது. நம் இயந்திரத்துக்கு அப்படியொரு தனி நிரலே கிடையாது. இருந்த பொறுப்பாளரை விலக்கி, இல்லாத ஒருவரிடம் அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதுவே ஆயிற்று. மற்றொரு குறிப்பைப் பார்த்து, ஒலியடைக்கும் விசைக்கு ஒரு குறுக்குவழிக் கட்டளையைச் சேர்த்தோம். ஒருமுறை அழுத்த ஒலி அடங்கியது. மறுமுறை அழுத்தியும் அது திரும்பவில்லை. அன்றிரவு அந்தப் பெண்ணுக்கு வேதியியல் பாடம் ஊமைப் படமாகவே ஓடியது.

அவள் கோபிக்கவில்லை. நாம் வரிகளைத் தட்டுவதும் அழிப்பதுமாக இருந்ததைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, நாம் அழுத்துவது உள்ளே போகிறதா, போகவில்லையா? முதலில் அதைத் தெரிந்துகொள்ள வழியில்லையா?" என்று கேட்டாள்.

நம் பேனா நின்றது. மூன்று வாரமாக நாம் கேளாத கேள்வி அது.

தோட்டத்தில் ஒரு கட்டளை எப்படிப் போகிறது? துரை சொல்கிறார்; கிராணி எழுதுகிறார்; மண்டோர் பிரட்டில் கூவுகிறார்; தொழிலாளி செய்கிறார். வேலை நடக்கவில்லையென்றால், தொழிலாளி சோம்பேறி என்று தொடங்குவது மூடர் வழக்கம். கட்டளை எந்தக் கையில் நின்றதென்று விசாரிப்பதே முறை. விசையின் கதையும் அத்தகையதே. விரல் அழுத்துகிறது, சில்லு அதை ஓர் எண்ணாக்குகிறது, கருநிரல் அவ்வெண்ணைப் பெறுகிறது, அதனிடமிருந்து எக்ஸ் என்னும் சாளர அமைப்பு வாங்கி ஒரு பெயரிடுகிறது, அப்பெயரைக் கேட்டு டெஸ்க்டாப் சூழலைச் சேர்ந்த ஏதோவொரு நிரல் வேலையைச் செய்கிறது. இத்தனை கைகளில் எது ஓய்ந்ததென்று பாராமல், விரலுக்கு அருகில் இருப்பதென்ற ஒரே குற்றத்துக்காக விசைப்பலகையை மாற்றச் சொன்னார் கடைக்காரர். நாமோ நடுவிலிருந்த கருநிரலைக் குடைந்தோம்.

முதலில் நாம் சேர்த்த வென்டார் வரியை நீக்கி, கணினியைப் பழைய நிலைக்குக் கொணர்ந்தோம். பின்பு எக்ஸ்ஈவி என்ற சிறு நிரலைத் திறந்தோம். 1984இல் எம்ஐடி கல்விக்கழகத்தில் பிறந்த எக்ஸ் சாளர அமைப்பில், தன்னிடம் வந்துசேரும் ஒவ்வொரு விசையையும் வரிவரியாக எழுதிக்காட்டும் கணக்குப்பிள்ளை அது. நம் இனத்தான் என்று சொல்லலாம். வெறும் எஃப் 2ஐ அழுத்தினோம். 232 என்ற எண்ணும், 'எக்ஸ்எஃப்86மான்பிரைட்னஸ்டவுன்' என்ற நீண்ட பெயரும் வந்தன. ஒளியைக் குறை என்பதே அதன் பொருள். எஃப் 3ஐ அழுத்த 233, ஒளியைக் கூட்டு. எஃப்என் விசையைச் சேர்த்து எஃப் 2ஐ அழுத்தினால் 68, அதாவது வெறும் எஃப் 2. ஆகவே விசைப்பலகை நலம், சில்லு நலம், கருநிரல் நலம். 180 ரிங்கிட் மிச்சம்!

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அது நமக்குப் பிடிபட நெடுநேரமாயிற்று. டெஸ்க்டாப்பில் யாரேனும் ஒரு நிரல் ஒரு விசையைத் தனக்கென்று பிடித்துவைத்திருந்தால், எக்ஸ்ஈவியில் அந்த விசை வந்ததென்ற வரி தோன்றாது. சாளரத்தின் கவனம் வேறிடம் போய்த் திரும்பியது என்ற வரிகள் மட்டுமே தோன்றும். நாம் குறுக்குவழி வைத்த ஒலியடைக்கும் விசையை அழுத்தியபோது அவ்வாறே தோன்றிற்று. ஒளிவிசையோ எந்தத் தடையுமின்றி முழுமையாக வந்து நின்றது. முதலில் அது கண்டு மகிழ்ந்தோம். பின்னரே உறைத்தது: மகிழ்வதற்கு அதில் ஒன்றுமில்லை. ஒருவருக்கு எழுதிய கடிதம் உறை பிரியாமல் நம் கையில் கிடைக்கிறதென்றால், பெறவேண்டியவர் அந்த முகவரியில் இல்லை என்பதுதானே பொருள்?

ஐயமறத் தெரிந்துகொள்ள, மறுமுனையிலிருந்தும் சோதித்தோம். திரையொளியை ஆளும் கோப்பு 'பேக்லைட்' என்ற கோப்புறைக்குள், 'இன்டெல் பேக்லைட்' என்ற பெயரின் கீழ் இருக்கிறது. அதன் உச்ச எண் 937 என்று காட்டிற்று. நிர்வாகியின் அதிகாரத்தோடு அதில் 300 என்று எழுதினோம். திரை அந்த நொடியே மங்கிற்று. கூடத்தின் மூலையில் அன்னையார் புரண்டு படுத்து, "அப்பாடா" என்றார். கோளாறு தீர்ந்ததென்று எண்ணிவிட்டார் போலும். கட்டளை இப்பக்கத்தில் ஒழுங்காகப் புறப்படுகிறது. அப்பக்கத்தில் விளக்கு சொன்னபடி கேட்கிறது. இடையில் நின்று ஒன்றை மற்றொன்றுக்குச் சொல்லும் ஆள்தான் இல்லை. யார் அந்த ஆள்?

எக்ஸ்எஃப்சிஇயில் அந்த வேலையைச் செய்வது 'பவர் மேனேஜர்' என்னும் நிரல். மின்கலத்தைக் காப்பவர் என்று பெயர். ஒளிவிசையைக் கேட்டு விளக்கைக் குறைப்பதும் அவரே. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலைப் பார்த்தோம். அவர் பெயர் இல்லை. கணினி தொடங்கும்போது தாமாகத் தொடங்கவேண்டிய நிரல்களின் பட்டியல் 'செஷன் அண்ட் ஸ்டார்ட்டப்' என்ற அமைப்பில் இருக்கிறது. அங்கே அவர் பெயர் இருந்தது. பெயருக்கு நேரேயுள்ள கட்டத்தில் குறி மட்டும் இல்லை. தானாக அது போயிராது. எவரோ எடுத்திருக்கவேண்டும்.

எடுத்தவர் நாமே.

நினைவு வந்தது. சில வாரங்களுக்குமுன், எலியை இன்னும் இளைக்கச் செய்யலாமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். பட்டியலில் ஒவ்வொருவராகப் பார்த்து, "இவர் எதற்கு, அவர் எதற்கு" என்று குறிகளை எடுத்துக்கொண்டே வந்தோம். மேலே பட்டையிலிருந்த ஒலிபெருக்கிப் படத்தையும், அழகாயில்லை என்று நீக்கிவிட்டோம். மிச்சமான நினைவகம் 40 மெகாபைட்டுக்குள் இருக்கும், மொத்தமிருப்பது 4,096. நூற்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. ஆயினும் அந்த எண் குறைந்ததைக் கண்டு நாம் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமன்று. கணக்கெழுதும் தொழிலாளருக்கு எண் குறைந்தால் அதுவே ஒரு போதை. வேலைநிறுத்தம் என்று இக்கட்டுரைக்குப் பெயரிட்டோமே, அது தவறு. நடந்தது ஆட்குறைப்பு. செய்தவர் கிராணியார்.

குறியைத் திரும்ப இட்டு, பவர் மேனேஜரின் அமைப்பில் ஒளிவிசைகளைக் கவனிக்கும் பகுதியும் இயக்கத்தில் உள்ளதா என்று பார்த்துக்கொண்டு, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்தோம். எஃப் 2 வேலை செய்தது.

ஒலியின் கதை இதற்கு இளைய சகோதரம். பட்டையில் இருந்த ஒலிபெருக்கிப் படம் வெறும் அலங்காரமென்று எண்ணினோமன்றோ? ஒலிவிசைகளைக் கேட்டு நடப்பதே அந்தப் படத்துக்குப் பின்னாலிருக்கும் பல்ஸ்ஆடியோ என்னும் துணைநிரல்தான். படத்தை எடுத்த கணத்தில் கூட்டல், குறைத்தல், அடைத்தல் என்ற மூன்று விசைகளும் கேட்பாரற்றுப் போயின. நாம் அவசரத்தில் வைத்த குறுக்குவழியோ ஒலி அட்டையிடம் நேரே பேசுவது. அது தலைவாயிலை அடைத்தபோது, நடுவிலிருந்த பல்ஸ்ஆடியோ, உள்ளே பெட்டிக்கும் காதுக்குழலுக்கும் போகும் வாயில்களையும் சேர்த்து அடைத்தது. மறுமுறை அழுத்தினால் நம் கட்டளை தலைவாயிலை மட்டுமே திறக்கும். உள்வாயில்கள் அடைத்தபடியே இருக்கும். பொறுப்பாளரைத் தாண்டிப்போய் ஆளிடம் கட்டளையிட்டால் தோட்டத்திலும் இத்தகைய குழப்பமே விளையும். குறுக்குவழியை நீக்கினோம், படத்தைப் பட்டையில் திரும்ப வைத்தோம், விசைப்பலகையால் ஒலியை மாற்றலாம் என்ற அதன் அமைப்பில் குறி இருப்பதைப் பார்த்தோம். முடிந்தது.

ஒன்று சொல்ல மறந்தோம். இத்தனை நாளும் எஃப் 12, அதாவது கம்பியில்லா இணைப்பை அணைத்து ஏற்றும் விசை, ஒழுங்காய் வேலை செய்துகொண்டிருந்தது. "அது வேலை செய்யும்போது இவை ஏன் செய்யவில்லை? ஆகவே இவை உடைந்தவையே" என்பதுதான் கடைக்காரரின் வாதம், நமக்கும் அது நியாயமாகவே பட்டிருந்தது. அந்த விசையைக் கருநிரலே நேராகக் கவனித்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பின் உதவி அதற்கு வேண்டியதில்லை. ஒரே வரிசையில் நிற்பதனால் எல்லாரும் ஒரே கங்காணியின் ஆட்கள் ஆகிவிடமாட்டார்கள்.

இந்த இடத்தில் மழை நோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் அலுவலகத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அறுபது வயதைக் கடந்தவரையும் 'ஆபீஸ் தம்பி' என்றே அழைப்பது தோட்டத்து வழக்கம். அவரும் அவ்வாறே அழைக்கப்பட்டார். கடிதம் கொண்டுபோவார், தேநீர் கலப்பார், மேசை துடைப்பார். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்தவர். செலவைக் குறைக்கவேண்டுமென்று மேலிடத்தார் பட்டியல் கேட்டபோது, அவர் பெயருக்கு நேரே 'வேலை' என்ற கட்டத்தில் நாம் எழுதியது, "பொது உதவி" என்ற இரண்டு சொற்களே. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படமாட்டாதென்ற கடிதத்தைத் தட்டெழுதியதும் நாமே. அவர் அதை வாங்கிக்கொண்டு, வழக்கம்போல நம் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதங்கழித்துத் தலைமையகத்தார் ஆண்டின் மழைக் கணக்கைக் கேட்டனர். எந்த நாளில் எருவிடலாம் என்பதற்கும், பின்னால் வரும் விளைச்சலை மதிப்பிடுவதற்கும் அக்கணக்கு வேண்டும். நோட்டைத் திறந்தோம். அவர் போன நாளோடு எண்கள் நின்றிருந்தன. காலைதோறும் அலுவலகத்தின் பின்புறத்து மழைமானியைப் பார்த்து, எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி நம் மேசையில் வைத்துவந்தவர் அவர். அதை நோட்டில் ஏற்றிய நமக்கு, அத்தாள் எங்கிருந்து வருகிறதென்று ஒருநாளும் யோசிக்கத் தோன்றவில்லை. அது வராமற் போனதையும் கவனிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கணக்கைப் பார்த்து வெற்றிடங்களை நிரப்பிவிடலாமா என்று ஒரு வாரம் நம் மனம் ஊசலாடியதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

பவர் மேனேஜரின் பெயருக்கு நேரே வெறுங்கட்டத்தைக் கண்ட அந்த இரவில் நம் கண்முன் நின்றது இந்த நோட்டுத்தான். நிரலுக்குக் குறி இட அரை நிமிடம் போதும். பெரியவருக்கு அப்படியன்று. அவரைத் திரும்ப அழைக்கவேண்டுமென்று துரைக்கு எழுதியிருக்கிறோம். அவர் செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாய் விசாரித்துப் பட்டியலிட்டுச் சேர்த்தோம், பதினொன்று தேறின. பதில் இன்னும் வரவில்லை. இரண்டு மாத வெற்றிடங்களை வெற்றிடமாகவே தலைமையகத்துக்கு அனுப்பினோம். ஏனென்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, உள்ளதை எழுதினோம்.

இதற்கிடையில் பெரியவரைத் தொலைபேசியில் அழைத்தோம். மகன் வீட்டில் இருக்கிறார். நாம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும், அவர் அதைக் காதில் வாங்காமல், "ஐயா, ஏழு மணிக்கே பார்த்துவிடுங்கள். அளவுக் குழாயைக் கண்மட்டத்தில் பிடித்துப் பாருங்கள், மேலேயிருந்து பார்த்தால் கூடுதலாய்த் தெரியும். பார்த்ததும் தண்ணீரைக் கொட்டிவிட மறக்காதீர்கள், மறந்தால் நாளைக் கணக்கு கெட்டுப்போகும்" என்றார்.

இப்பொழுது நம் கூடத்தில் அட்டை மறைப்பு இல்லை. பாட்டி இருமினால், அந்தப் பெண் எஃப் 6ஐத் தட்டி ஒலியை அடைத்துவிட்டு, அவர் மறுபடி உறங்கும்வரை காத்திருந்து திரும்பத் தட்டுகிறாள். நேற்றிரவு நல்ல மழை. மின்சாரம் போயிற்று. மங்கிய திரையின் ஒளியில் அவள் இரண்டு மணி நேரம் படித்தாள். காலையில் பிரட்டு முடிந்ததும் குடையோடு அலுவலகத்தின் பின்புறம் போய், குழாயைக் கண்மட்டத்தில் பிடித்துப் பார்த்தோம். 14 மில்லிமீட்டர். நோட்டில் எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டினோம்.